வடிகஞ்சி

9.7.2024, செவ்வாய்.
மல்லித் தொட்டியை நேற்று வெளியிலேயே விட்டுவிட்டேன். சாரலில் முளை முழுவதும் சாய்ந்து மண்ணோடு ஒட்டிக் கிடக்கிறது. மதினி கேட்டபோது பூனை தட்டியிருக்கும் என்றேன். பூனை இல்லை. தவறு என்னுடையது. இனி எல்லாத் தொட்டியும் தகரத்துக்கு அடியில்.

எழுதியதைக் காளீஸ்வரி ஒருமுறை வாசித்துப் பார்த்தாள். ‘ஒட்டிக் கிடக்கிறது’ சரியா, ‘படிந்து கிடக்கிறது’ சரியா என்று சந்தேகம் வந்தது. அவளுக்கு எதிலும் அப்படித்தான். பகலில் தென்காசியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. அசலையும் நகலையும் மாற்றிக் கொடுத்துவிட்டோமோ என்று ஒருவரைப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் துரத்திப் போய்ப் பையைத் திறந்து காட்டச் சொன்னவள். சாயங்காலம் டைப்ரைட்டிங் வகுப்பு. அங்கே கைலாசம் சார் பாடப் புத்தகத்தைப் பார்த்து மட்டும் அடிக்க விடமாட்டார். “தெனம் அரைப் பக்கம் சொந்தமா எழுதிட்டு வாங்க. அதப் பாத்து அடிங்க. அப்பத்தான் கை நம்ம பேச்சக் கேக்கும்” என்பார். தப்பான எழுத்து விழுந்தால் பின்னால் போய் அதன்மேலேயே அடிப்பது அவருக்குப் பிடிக்காது. “அடிச்சது அடிச்சதுதான். மேல போ.”

அதனால்தான் இந்த டைரி. எழுதத் தொடங்கிய நாளில் எழுத என்ன இருக்கிறது என்று திகைத்தாள். மதினி புதினா வைக்கத் தொடங்கிய பிறகு தினமும் எழுத ஏதாவது இருந்தது.

வீடு மேலகரத்தில். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற பாதையில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும். முன்னால் இரண்டு அறை, பின்னால் அடுக்களை, அதற்கும் பின்னால் துவைக்கிற கல்லும் ஒரு கறிவேப்பிலை மரமும் இருக்கிற வாசல். அப்பா இல்லை. அம்மா மூக்கம்மாள் முழங்கால் விட்டுப்போகும் வரை நாற்று நட்டவள். அந்தக் காலத்தில் நடுகை நாளன்று வயற்காரர்கள் ஆள் அனுப்பி அவளைக் கூட்டிப் போவார்கள். முதல் நாற்றை அவள்தான் ஊன்ற வேண்டும். கைராசிக்காரி என்று பெயர். வயலெல்லாம் பிளாட்டான பிறகும் அந்தப் பெயரை அவள் விட்டுவிடவில்லை.

அண்ணன் ஆவுடையப்பன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். விடிவதற்கு முன்பே பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய் ஏற்றி, குற்றாலத்து ஓட்டல்களுக்கும் செங்கோட்டைக்கும் போட்டுவிட்டு, புளியறை வரை போவான். புளியறையில் செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் லாரிக்காரர்களுக்கான ஒரு சாப்பாட்டுக் கடை. அதை நடத்துகிற அம்மாவின் மகள்தான் ரூபி. அவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். கல்யாணம் ரிஜிஸ்தர் ஆபீசில் நடந்தது. மூக்கம்மாள் போகவில்லை. மகனும் மருமகளும் வந்து நின்றபோது கதவைத் திறந்துவிட்டு, “அடுக்களை அங்கன இருக்கு” என்று மட்டும் சொன்னாள்.

முதல் சண்டை சோற்றில் வந்தது. ரூபி உலையில் உப்புப் போட்டு வடிக்கிறவள்.

“சோத்துல எவளாவது உப்புப் போடுவாளாட்டி? இது சோறா, மருந்தா?”

“கடையில அப்படித்தான் அத்த வடிப்போம். லாரிக்காரங்களுக்குப் பொதிஞ்சு குடுக்கது. உப்புப் போட்டாத்தான் சாய்ங்காலம் வரைக்கும் கெடாது.”

“இங்கன எந்த லாரி நிக்கி?”

“எனக்கு நல்லாத்தாம்மா இருக்கு” என்றான் ஆவுடையப்பன்.

“ஒனக்கு மண்ண அள்ளிப் போட்டாலும் நல்லாத்தாம்லே இருக்கும்.”

அப்படியே நாள் போயிற்று. ஒருநாள் அவசரத்தில் ரூபி உப்பை மறந்துவிட்டாள். மூக்கம்மாள் இரண்டு வாய் அள்ளி வைத்துவிட்டு, “இன்னைக்கு என்ன, சோறு சப்புன்னு இருக்கு?” என்றாள். ஆவுடையப்பனுக்குப் புரையேறிவிட்டது. காளீஸ்வரி தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் அடுக்களைக்குள் போய்ச் சிரித்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டுச் சோறு உப்புச் சோறு. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மாசி மாதம் ரூபிக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. பங்குனி பிறப்பதற்குள் கலைந்துவிட்டது. கலைந்தது என்று வீட்டில் ஒருவரும் வாயால் சொல்லவில்லை. தெருவில் கேட்டவர்களுக்கு மூக்கம்மாள் ஒற்றைச் சொல்லில் பதில் வைத்திருந்தாள்: “நிக்கல.” பக்கத்து வீட்டு ஜாஹிரா பீவி இஞ்சிச் சாறும் தேனும் கொண்டுவந்து ரூபிக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டு, “அடுத்தது நிக்கும் தாயி, பயப்படாத” என்றாள். ரூபி தலையை ஆட்டினாள். அதன்பிறகு வெகுநாள் அவள் வேலைக்கு நடுவில் திடீரென்று நின்றுவிடுவாள். அம்மிக்குப் பக்கத்தில், கதவு இடுக்கில், கையில் பிடித்த சாமானோடு. கூப்பிட்டால் உடனே, “இந்தா வந்துட்டேன்” என்பாள்.

வைகாசிக் கடைசியில் ஒருநாள் ஆவுடையப்பன் கொண்டுவந்த புதினாக் கட்டில் இலையை ஆய்ந்துவிட்டுத் தண்டைத் தூக்கிப் போடப் போனவள், போடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன மதினி?” என்றாள் காளீஸ்வரி.

“இது வாடல பாரு. கணுவுக்குக் கீழ வெட்டித் தண்ணியில போட்டா வேர் விடும். எங்க கடைக்குப் பின்னால அப்படித்தான் வச்சிருக்கோம்.”

அடி இலைகளை உருவிவிட்டு, கணுவுக்குக் கீழே சாய்வாக நறுக்கி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்டுகளை நிறுத்தி ஜன்னலில் வைத்தாள். தண்ணீர் மாற்றுவதைக் காளீஸ்வரி ஏற்றுக்கொண்டாள். தினமும் மாற்ற வேண்டுமா, அடிக்கடி மாற்றினால் வேருக்கு ஆகாதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டாள். ஒரு காலையில் ரூபி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கணுக்களிலிருந்து வெள்ளை நூல்போல வேர் இறங்கியிருந்தது.

“நின்னுட்டு காளி. பாரு, நின்னுட்டு.”

அப்படி ஒரு முகத்தை மாசிக்குப் பிறகு அவளிடம் காளீஸ்வரி பார்த்ததில்லை. டைரியில் ‘புதினா வேர் விட்டது. மதினிக்கு மிகவும் சந்தோஷம்’ என்று எழுதினாள். அந்தச் சந்தோஷம் எந்த அளவுக்கு என்று யோசிக்கவில்லை.

பிறகு மண்தொட்டிகள் வந்தன. மளிகைக் கடை மல்லியைச் சப்பாத்திக் கட்டையால் மெதுவாக உருட்டி, இரண்டாகப் பிளந்து, ஓர் இரவு ஊறவைத்து விதைத்தார்கள். ஆவுடையப்பன் புளியறையிலிருந்து ஒரு செடி கொண்டுவந்தான். நீளமான இலை, ஓரத்தில் ரம்பப் பல். கசக்கினால் மல்லி வாசம் மூக்கில் ஏறும்.

“ஆப்பிரிக்கன் மல்லி அத்த. மழையிலயும் அழுகாது. நெழல்லயும் வரும்.”

“இதா மல்லி? முள்ளுச்செடிய வச்சிக்கிட்டு மல்லிங்கா. நாளைக்கு ஊமத்தைய வச்சிட்டு கத்திரிக்காம்பா.”

ஆனாலும் மூக்கம்மாள் அதன் ஓரிலையைக் கிள்ளி மோந்து பார்த்துவிட்டு மடியில் சொருகிக்கொண்டதைக் காளீஸ்வரி பார்த்தாள். இரவு ரசத்தில் அந்த வாசம் இருந்தது.

ஆனி மாதம் சாரல் பிடித்துக்கொண்டது. மலைக்கு அந்தப் பக்கம் பெய்கிற மழையின் மிச்சம் இங்கே பொடிந்து விழும். வெயில் அடிக்கும்போதே நனைக்கும். குற்றாலத்தில் சீசன் தொடங்கி, ஓட்டல்களில் ஆள் தட்டுப்பாடு வந்தது. ரூபி ஐந்தருவிப் பக்கம் ஒரு கடையில் சமையலுக்குப் போனாள். விடியற்காலையில் சோறு வடித்து, குழம்பு வைத்துவிட்டுக் கிளம்பினால், சாயங்காலம்தான் வருவாள். போகும்போது காளீஸ்வரியிடம், “செடிய நீ பாத்துக்கிடுவியா?” என்றாள்.

“நான் பாத்துக்கிடுதேன் மதினி. நீங்க அத நெனைக்கவே வேண்டாம்.”

அப்படிச் சொன்ன ஆறாவது ஏழாவது நாளில்தான் மல்லியை வெளியே விட்டது. அந்தத் தவறுக்குப் பிறகு தொட்டிகளைத் துவைக்கிற கல்லுக்கு மேலே இறக்கியிருந்த தகரத்துக்கு அடியில் வரிசையாக வைத்தாள். ஒரு துளி சாரல் படாது. புதிதாக மல்லி விதைத்தாள். புதினாவை இரண்டு தொட்டியாகப் பிரித்தாள். எந்தத் தொட்டிக்கு எப்போது தண்ணீர் விட்டாள், எந்தப் பக்கம் திருப்பி வைத்தாள் என்று எல்லாவற்றையும் எழுதினாள்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த மூக்கம்மாள் சொன்னாள், “வெறுந் தண்ணிய ஊத்துனா என்னத்தட்டி வளரும்? கஞ்சிய ஆறவச்சு ஊத்து. கறிவேப்பில எப்படி நிக்கி பாரு. அதுக்கு நான் என்ன உரமா வாங்கிப் போட்டேன்?”

உண்மைதான். காளீஸ்வரி பிறந்ததிலிருந்து அம்மா வடிகஞ்சியை அந்த மரத்தின் தூரில்தான் ஊற்றினாள். மரம் ஓட்டைத் தாண்டி வளர்ந்திருந்தது. மறுநாளிலிருந்து ரூபி வடித்து வைத்துவிட்டுப் போன கஞ்சியை, கை பொறுக்கிற அளவுக்கு ஆறியதும், காளீஸ்வரி டம்ளரில் மொண்டு தொட்டி தொட்டியாக ஊற்றினாள். ‘கஞ்சி’ என்று டைரியில் எழுதினாள். அதற்கு மேல் எழுத அதில் எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

முதலில் புதினா திமுதிமுவென்று வந்தது. ஜாஹிரா பீவி ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு ஒரு கை கேட்டு வந்தாள்.

“ஏ மூக்கம்மா, கடையில வாங்குனது இப்படி மணக்காதுட்டி. யாரு வச்சது?”

மூக்கம்மாள் கல்லில் துணியைக் கும்மிக்கொண்டே, “அவதான்” என்றாள்.

“அவன்னா யாரு? பேரு இல்லியா ஒன் மருமவளுக்கு?”

“ரூபி” என்றாள் மூக்கம்மாள். பிறகு துணியைப் பிழிந்துவிட்டு, “கை பரவால்ல” என்றாள்.

அன்று சாயங்காலம் ரூபி வந்து சேலை மாற்றும்போது காளீஸ்வரி இதைச் சொன்னாள். ரூபி நம்பவில்லை. “அத்தயா? எம்பேரச் சொன்னாங்களா?” இரண்டு முறை கேட்டாள். பிறகு போய்ப் புதினா பறித்து, தேங்காயும் வற்றலும் புளியும் வைத்துத் துவையல் அரைத்தாள். மூக்கம்மாள் இரண்டாம் முறை சோறு வாங்கினாள்.

ஆடியில் இலை ஓரம் கருகத் தொடங்கியது. முதலில் வெயில் என்று நினைத்தாள். தகரத்துக்கு அடியில் ஏது வெயில்? தண்ணீர் குறைவோ என்று காலையில் கஞ்சியோடு மாலையிலும் கொஞ்சம் விட்டாள். பூச்சியோ என்று இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மல்லி விரற்கடை உயரத்தில் மஞ்சளாகி நின்றுவிட்டது. ஆப்பிரிக்கன் மல்லிகூட ஓரம் சுருண்டது. தொட்டியின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்திருந்தது. போர் தண்ணியில் சுண்ணாம்பு என்று ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். சாயங்காலங்களில் ரூபி தொட்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து கருகிய இலையைக் கிள்ளிக்கொண்டிருப்பாள்.

“என்ன ஊத்துத காளி?”

“எல்லாம் சரியாத்தான் செய்தேன் மதினி. எழுதி வச்சிருக்கேன்.”

அந்தப் பதிலைப் பிற்பாடு அவள் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தாள். கேட்டதற்கு அது பதிலே இல்லை.

மூக்கம்மாள் வாசலில் நின்று சொன்னாள், “கைன்னா கடைசி வரைக்கும் காட்டணும். நாலு நாள் மினுக்கிட்டுப் போறதுக்குப் பேரு ராசியா? நான் ஊனுன நாத்து அறுப்பு வரைக்கும் நிக்கும்.”

“எம்மா, நீ சும்மா இரு.”

“நான் என்னட்டி சொன்னேன்? நாத்தத்தான சொன்னேன்.”

ரூபி அடுத்த கருகிய இலையைக் கிள்ளினாள். அத்தையின் பேச்சு அவளுக்குப் பழக்கம்.

ஒரு சனிக்கிழமை காலையில் புதினா இரண்டு தொட்டியிலும் கறுத்துச் சாய்ந்து கிடந்தது. ரூபி வேலைக்குக் கிளம்பியவள், தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் வந்து நின்றாள். காளீஸ்வரி ஒரு தண்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. வேர் பழுப்பாக நைந்திருந்தது. உருளைக்கிழங்குத் தோல் கிடந்த பக்கம் அதை எறிந்துவிட்டு, அலுப்பில், யாருக்கும் சொல்லாததுபோல அவள் சொன்னாள்:

“என்ன மதினி, நீங்க வச்சது ஒண்ணும் நிக்க மாட்டேங்குதே.”

ரூபி செம்பைக் கல்லின்மேல் வைத்தாள். தொட்டியின் விளிம்பை விரலால் தடவினாள். “பஸ்ஸுக்கு நேரமாயிட்டு” என்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஆவுடையப்பன் வண்டி எடுக்கும்போது அவளும் பையோடு ஏறினாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ரெண்டு நாள் இருந்துட்டு வாரேன் என்றாள். வெண்டைக்காய் மூட்டைகளுக்கு முன்னால், டிரைவர் சீட்டுப் பக்கத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூக்கம்மாள் வாசல் வரை வந்து, “சாரலுக்குக் கொடை எடுத்திட்டியா?” என்று கேட்டாள். அவ்வளவுதான்.

இரண்டு நாள் இரண்டு வாரமானது. ஆவுடையப்பன் தினமும் புளியறைக்குப் போனான். கடையில் உட்கார்ந்தால் ரூபி மற்ற லாரிக்காரர்களுக்குப் போடுவதுபோல இலை போட்டுப் பரிமாறினாளாம். ‘இன்னும் வேணுமா’ என்று கேட்டாளாம். வீட்டுக்கு வருவதைப் பற்றி அவன் பேச்செடுத்தால் அடுத்த மேசைக்குப் போய்விடுவாளாம்.

“என்னதாம்லே சொல்லுதா?” என்றாள் மூக்கம்மாள்.

“ஒண்ணும் சொல்ல மாட்டேங்கா. நீ என்னம்மா சொன்ன அவள?”

“நான் நாத்தப் பத்திச் சொன்னேன்.”

“ஒன் நாத்து.” அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். “சோத்துல உப்பும் இல்ல.”

அம்மாவின் சமையல் திரும்பியிருந்தது. உப்பில்லாத சோறு. காளீஸ்வரிக்கும் இறங்கவில்லை. கைராசிப் பேச்சுத்தான் மதினியை விரட்டியது என்று அம்மாவின்மேல் கோபமாக இருந்தாள். அந்தக் கோபம் வசதியாகவும் இருந்தது.

அடுத்த புதன்கிழமை அவளுக்குக் காய்ச்சல். கடைக்குப் போகவில்லை. நண்பகலில் மூக்கம்மாள் வடித்த கஞ்சியை ஒரு டம்ளரில் கொண்டுவந்து வைத்தாள். கூடவே ஒரு கிண்ணத்தில் உப்பு.

“உப்பப் போட்டுக் கலக்கிக் குடி. இது அவ வடிச்ச கஞ்சி இல்ல.”

காளீஸ்வரி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கலக்கவில்லை. சற்று நேரம் கழித்து எழுந்து பின்வாசலுக்குப் போனாள். தொட்டிகள் தகரத்துக்கு அடியில் வரிசையாக, காய்ந்து, அவள் வைத்த ஒழுங்கிலேயே இருந்தன. விளிம்பில் வெள்ளை மறுபடி பூத்திருந்தது. விரலால் சுரண்டி நாக்கில் வைத்தாள். கரித்தது.

வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. கறிவேப்பிலை மரம் நனைந்து பளபளத்தது. அதற்கு வேர் ஆழம். மழையும் கழுவிவிடும். தொட்டிகளை மழை படாமல் காத்தது அவள்தான். வேளை தவறாமல் ஊற்றியதும் அவள்தான்.

“எம்மா” என்றாள். மூக்கம்மாள் வந்து பார்த்தாள். காளீஸ்வரி சொன்னதைக் கேட்டுவிட்டு அவளும் ஒரு விரல் தொட்டு வாயில் வைத்தாள். வெகுநேரம் வாயை மென்றுகொண்டே நின்றாள்.

“கஞ்சிய ஊத்துன்னு நான்தான சொன்னேன்” என்றாள் கடைசியில். “அவ உப்புப் போடுதது நெனப்பிலேயே இல்ல பாத்தியா. தெனம் தின்னுக்கிட்டுத்தான இருந்தேன்.”

ஞாயிற்றுக்கிழமை காளீஸ்வரி செங்கோட்டை போய், அங்கிருந்து புளியறை பஸ் ஏறினாள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கினாள். முதலில் கஞ்சி, பிறகு தகரம், பிறகு உப்பு. கடைசியாக, கைராசி என்று ஒன்றும் இல்லை என்பது. வரிசை மாறிவிடுமோ என்று மறுபடி தொடங்கினாள். மலை கிட்டத்தில் வந்து, சாரல் மழையாகி, கேரளத்துக்குப் போகிற லாரிகள் செக்போஸ்ட்டில் முக்கால் கிலோமீட்டருக்கு நின்றன.

கடையில் கூட்டம் ஓய்ந்த நேரம். ரூபி பின்பக்கத்தில் வாழையிலையை அடுப்பில் வாட்டிப் பொதிச்சோறு கட்டிக்கொண்டிருந்தாள். சோறு, மேலே மரச்சீனிக் கிழங்கு, ஓரத்தில் மீன் வறுவல், துவையல் உருண்டை. அவளுடைய அம்மா காளீஸ்வரியைப் பார்த்து, “வா மோளே, நனைஞ்சிட்டியே” என்று துண்டு எடுக்கப் போனாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை, திடமாகத்தான் இருந்தாள்.

“கடையில லீவா?” என்றாள் ரூபி.

“ஞாயித்துக்கெழம மதினி.”

“ஆமால்ல. எனக்குக் கெழமையே மறந்துபோச்சு. அந்த நூல எடு.”

காளீஸ்வரி நூல் உருண்டையை எடுத்துக் கொடுத்தாள். அடுக்கி வைத்த வரிசையெல்லாம் போய்விட்டது. “உப்பு மதினி” என்றாள். “நீங்க ஒலையில போட்ட உப்பு. அந்தக் கஞ்சியத்தான் நான் தெனம் தொட்டிக்கு ஊத்துனேன். தகரத்துக்குள்ள வச்சதால மழையும் கழுவல. அதுலதான் எல்லாம் போச்சு. ஒங்க கையில ஒண்ணுமில்ல. நான் அம்மாட்டயும் சொல்லிட்டேன்.”

ரூபி ஒரு பொதியை மடித்துக் கட்டினாள். நூலைப் பல்லால் அறுத்தாள்.

“தெரியும்” என்றாள்.

“தெரியுமா?”

“கடைசி நாள் விளும்பத் தடவுனேம்லா. பஸ்ஸுல போகும்போது விரல நக்கிப் பாத்தேன்.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல மதினி?”

“சொன்னா? உப்புப் போட்டது யாரு, நான். கைராசி இல்லன்னு சொன்னவுக, உப்புப் போட்டுக் கொன்னுட்டான்னு சொல்லியிருப்பாக. அவ்வளவுதான் வித்தியாசம்.” ரூபி அடுத்த இலையை எடுத்து விரித்தாள். “நான் செடிக்காவ இங்கன வரல காளி.”

“அம்மா சொன்னதுக்குத்தான? அது ஒரு லூசு மதினி. அதுக்குப் பேச்சு அப்படித்தான்.”

“அத்த சொல்லுதது எனக்குப் பழகிட்டு. அவுக மனசுல இருக்கத அப்படியே சொல்லிருவாக. நம்மளும் மனசுக்குள்ள திருப்பிச் சொல்லிக்கிடலாம்.” கை சோற்றை அள்ளி வைப்பதும் அழுத்துவதுமாக இருந்தது. “நீ ஒண்ணு சொன்ன. ஞாபகம் இருக்கா?”

காளீஸ்வரி தேடிப் பார்த்தாள். பூனை தட்டியது என்று சொன்ன பொய் ஞாபகம் வந்தது. அதையா? “பூனையா மதினி?” என்றாள்.

“என்ன பூனை?”

“இல்ல… வேற என்ன சொன்னேன்?”

ரூபி அவளைப் பார்த்தாள். “நீங்க வச்சது ஒண்ணும் நிக்க மாட்டேங்குதேன்னு சொன்ன.”

கடைக்கு முன்னால் ஒரு லாரி கிளம்பிப் போயிற்று. அந்தச் சத்தம் அடங்கும் வரை காளீஸ்வரிக்கு அந்தச் சொல் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஜாஹிரா பீவியின் குரலில், அம்மாவின் குரலில், கடைசியாகத் தன் குரலில் கேட்டது.

“செடியச் சொன்னேன் மதினி. சத்தியமா செடியத்தான்.”

“எனக்குத் தெரியாதா? அதுதான் காளி. நெனச்சுச் சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பேன். நீ அத நெனைக்கவே இல்ல. ஒங்க வீட்டுல எனக்கு நீதான்னு இருந்தேன். ஒனக்கே மறந்துபோச்சேன்னு ஆயிட்டு.” அவள் குரல் உயரவில்லை. “நெனைக்காம சொன்னதுக்கு யார்ட்ட போய்ச் சண்ட போட?”

காளீஸ்வரி அழுதாள். ரூபி அவளை அழவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, “மதி, மதி” என்று, போதும் என்பதை அவர்கள் ஊர்ப் பேச்சில் சொல்லி, கட்டாமல் கிடந்த ஒரு பொதியை அவள் பக்கம் தள்ளினாள். “சாப்பிடு. காய்ச்சல் முகமா இருக்கு.”

சோற்றில் உப்பு இருந்தது. அளவாக, துவையல் தேவையில்லாமலே இறங்குகிற மாதிரி. கடைக்குப் பின்னால் ஓடிய ஓடையோரமாக, கூரைத் தண்ணீர் நேராக விழுகிற இடத்தில் ஆப்பிரிக்கன் மல்லி காடாகப் படர்ந்திருந்தது. ஒருவரும் அதற்கு எதுவும் ஊற்றுவதாகத் தெரியவில்லை. ஒரு கன்று கேட்கலாமா என்று நினைத்தாள். கேட்கவில்லை.

பஸ் நிற்கிற இடம் வரை ரூபி குடை பிடித்துக்கொண்டு வந்தாள். “அண்ணன் சரியாச் சாப்பிடுதில்ல மதினி” என்றாள் காளீஸ்வரி.

“இங்கன நல்லாத்தான் சாப்பிடுதாரு.”

“எப்ப வருவீங்க?”

“பஸ் வந்துட்டு பாரு. ஏறு.”

வீட்டில் மூக்கம்மாள் முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கல் பொறுக்கவில்லை, சும்மா கிளறிக்கொண்டிருந்தாள்.

“என்னட்டி சொன்னா? நான் சொன்னதுதானா?”

“இல்லம்மா. நான் சொன்னது.”

“நீ என்ன சொன்ன?”

காளீஸ்வரி சொன்னாள். அந்தச் சொல்லை மறுபடி வாயால் சொல்வது கஷ்டமாக இருந்தது. மூக்கம்மாளின் கை முறத்தில் நின்றுவிட்டது. தெருவெல்லாம் அந்தச் சொல்லைக் கொடுத்தனுப்பியது யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதை இருவரும் சொல்லவில்லை. கறிவேப்பிலை மரத்திலிருந்து சொட்டுகிற தண்ணீர் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

“அவன் இன்னைக்கும் சோத்த வச்சிட்டுப் போய்ட்டான்” என்றாள் மூக்கம்மாள் பிறகு. “நாளைக்கு நீயே வடி. உப்புப் போட்டு வடி.”

“சரி.”

“எம்புட்டுப் போடுவா? பாத்திருக்கியா?”

காளீஸ்வரி யோசித்தாள். விடியற்காலை இருட்டில் அடுக்களையில் ரூபி உலைக்கு முன்னால் நிற்கிற முதுகு ஞாபகம் வந்தது. கை உப்புச் சாடிக்குள் போவது ஞாபகம் வந்தது. எவ்வளவு அள்ளினாள், தண்ணீர் கொதிப்பதற்கு முன்னாலா, அரிசி பாதி வெந்த பிறகா, அது வரவில்லை. டைரியில் தொட்டிக்கு விட்ட ஒவ்வொரு டம்ளரும் இருந்தது. இது இல்லை.

“பாக்கலம்மா” என்றாள்.

25.8.2024, ஞாயிறு.
புளியறை போய் வந்தேன். மதினி எப்போது வருவார்கள் என்று தெரியவில்லை.
நாளைக்கு: உலையில் உப்புப் போட வேண்டும். அளவு தெரியாது, குறைவாகத் தொடங்க வேண்டும். கஞ்சியைச் செடிக்கு ஊற்றக் கூடாது.